அந்த நேரத்தில் உன் வலது கை எங்கே இருந்தது?

நான் உடைத்த விமானம் ஒரு செஸ்னா 152. அப்போது என் பறத்தல் கணக்கில் இருந்தது வெறும் 22 மணி நேரம். தனியாகப் பறந்தது அது மூன்றாவது முறை. ஓடுபாதையைத் தொட்டதும் விமானம் துள்ளியது. இரண்டாவது துள்ளல் முதலாவதைவிட உயரம். மூன்றாவதில் மூக்குச் சக்கரத்தின் கால் மடிந்தது. புரொப்பெல்லரின் இரு நுனிகளும் தரையைக் கொத்தி ஆட்டுக் கொம்பு போலச் சுருண்டன. மூக்கைத் தேய்த்தபடி கொஞ்ச தூரம் போய் விமானம் நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கதவைத் திறந்து இறங்கியபோது முழங்கால்கள் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

பயிற்றுநர் என்னைத் திட்டவில்லை. உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, முதல் தடவை துள்ளியதே, அந்த நேரத்தில் உன் வலது கை எங்கே இருந்தது?"

யோசித்துப் பார்த்தேன். யோக்கில், அதாவது விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் உள்ள கைப்பிடியில், இருந்தது. வெள்ளத்தில் போகிறவள் மரக்கட்டையைப் பிடிப்பது போல இரண்டு கைகளாலும் யோக்கைப் பிடித்திருக்கிறேன். எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் ஒரு சாண் தூரத்தில் சும்மா இருந்திருக்கிறது. முதல் துள்ளலுக்கும் கால் மடிந்ததற்கும் நடுவே ஆறேழு விநாடிகள் இருந்திருக்கும். அவ்வளவு நேரமும் அது காத்துக்கொண்டுதான் இருந்தது.

இப்போது நானே பயிற்றுநர். அதே கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் குறிப்பு, சோலோவை, அதாவது தனியாகப் பறப்பதை, நெருங்கிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் சோலோ முடித்துவிட்டவர்களுக்கும். எனக்குக் கவலை இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான். விபத்தைப் பின்னாலிருந்து முன்னாகச் சொல்லப்போகிறேன். உடைந்த இடத்தில் தொடங்கி, அது உண்மையில் கிளம்பிய இடம் வரை. எண்கள் பெரும்பாலும் செஸ்னா 152, 172 ஆகியவற்றுக்கானவை. நீங்கள் பறப்பது வேறு விமானமென்றால் அதன் கையேட்டில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம்.

துள்ளல்

மூன்று வழிகளில் வரும். வேகம் மிச்சம் இருக்கும்போதே விமானத்தைத் தரையில் வைக்கப் பார்த்திருப்பீர்கள். அல்லது மூக்கைத் தூக்கத் தாமதித்து, இறங்கிய வேகத்திலேயே போய் மோதியிருப்பீர்கள். அல்லது ஆளுயரத்துக்கு மேலேயே மூக்கைத் தூக்கி முடித்துவிட, விமானம் தாங்கும் வலுவிழந்து தொப்பென்று விழுந்திருக்கும்.

பிறகு நடப்பது எல்லாவற்றிலும் ஒன்றே. மேலே எறியப்பட்ட விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, ஓடுபாதை கண்ணிலிருந்து மறைகிறது. மாணவரின் கை தானாக யோக்கை முன்னே தள்ளுகிறது. விமானம் கீழ்ப்படிய ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் "போதவில்லை போலிருக்கிறது" என்று இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். இரண்டு தள்ளலும் சேர்ந்து வேலை செய்யும்போது மூக்கு கீழே குத்துகிறது. பிரதான சக்கரங்களுக்கு முன்பாக மூக்குச் சக்கரம் தரையில் மோதுகிறது. அந்த மோதல் மூக்கை மறுபடி மேலே எறிகிறது, இறக்கையின் கோணம் கூடுகிறது, விமானம் முன்னைவிட உயரமாகக் கிளம்புகிறது. ஊஞ்சல் திரும்பும் ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டுக்கொண்டு, அதை நிறுத்தப் பார்ப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது நான்காவது மோதலில் மூக்குக் கால் போய்விடும். மடியாமல் தப்பினாலும் அதைத் தாங்கி நிற்கும் தீச்சுவர், அதாவது எஞ்சினுக்கும் உங்கள் கால்களுக்கும் நடுவே இருக்கும் தகடு, கசங்கியிருக்கலாம். வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

துள்ளினால் செய்ய வேண்டியது இது. சிறு துள்ளலென்றால், அதாவது முழங்கால் உயரம், மூக்கை இறங்கும்போது இருக்க வேண்டிய நிலையில் அப்படியே பிடித்து, த்ராட்டிலைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, விமானத்தை மறுபடி தானாக இறங்க விடலாம். அதற்கு மேல் எறியப்பட்டால் இறங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். சிறு துள்ளலுக்குப் பின் இன்னொன்று வந்தாலும் அதே முடிவுதான். நூறு மணி நேரத்துக்குக் குறைவாகப் பறந்த மாணவர்களிடம் நான் இன்னும் கறாராக இருப்பேன்: "சிறிதா பெரிதா என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். துள்ளியதா? போய்விடு."

கோ அரவுண்ட்

"போய்விடு" என்று சொல்வது சுலபம். இறங்குவதைக் கைவிட்டு எழுவதிலும் விமானங்கள் உடைந்திருக்கின்றன. ஆகவே இதை வாயில் சொல்லிப் பழக வேண்டும், கையால் செய்து பழக வேண்டும், பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

முதலில் த்ராட்டில் முழுவதும். எஞ்சினின் கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடேற்றும் குமிழ், கார்புரேட்டர் ஹீட், வெளியே இருந்தால் அதையும் உள்ளே தள்ளுங்கள். அதே நொடியில் வலது கால், மூக்கை இட வலமாகத் திருப்பும் வால் தகடான ரடரின் மிதியை அழுத்த வேண்டும். குறைந்த வேகத்தில் முழு வலு வரும்போது மூக்கு இடப்பக்கம் ஓடும். அடுத்தது, பலரும் எதிர்பாராத ஒன்று. இறங்குவதற்காக ட்ரிம்மை, அதாவது யோக்கை அழுத்திப் பிடிக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தும் அமைப்பை, மூக்கு மேலே இருக்கும்படி வைத்திருக்கிறீர்கள். வலு வந்ததும் மூக்கு தானாக எழும்பும், நீங்கள் கேட்டதைவிட வேகமாக. விட்டுவிட்டால் தரைக்குப் பக்கத்திலேயே ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தாங்கும் வலுவை இழந்துவிடும். இங்கேதான் யோக்கை முன்னே அழுத்திப் பிடிக்க வேண்டும், கை வலித்தாலும் பரவாயில்லை. மூக்கு அடங்கியதும் ட்ரிம்மைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு, 30 பாகையில் இருந்தால் உடனே 20. மிச்சத்தை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். இறக்கை தாங்கிக்கொண்டிருந்ததைப் பாதியில் பிடுங்குவது போலாகும், விமானம் அமிழும். 152இல் 55 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), 172இல் 60 நாட் வந்து, உயரம் ஏறுகிறது என்று கருவியும் கண்ணும் சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. தரையிலிருந்து, இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையுள்ள நீளத்தளவு உயரத்துக்குள், 172இல் அது சுமார் 11 மீட்டர், காற்று மெத்தை போலத் தாங்கும். அந்த மெத்தையை நம்பி மூக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் அடியில் ஒன்றும் இருக்காது. முதலில் தரையையொட்டியே வேகம் சேர்த்துவிட்டு ஏறுங்கள்.

ரேடியோவில் பேசுவது கடைசி. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவர் கேட்டாலும் அது காத்திருக்கும்.

பழகும் விதம்: பயிற்றுநரோடு 3,000 அடிக்கு மேலே ஏறுங்கள். 3,000 அடியில் ஓர் ஓடுபாதை இருப்பதாக வைத்துக்கொண்டு, இறங்கும் வேகம், முழு ஃபிளாப், த்ராட்டில் பின்னே என்று வந்து, 3,000ஐத் தொடும் நேரத்தில் கோ அரவுண்ட் செய்யுங்கள். எத்தனை அடி இழந்தீர்கள் என்று பாருங்கள். முதல் தடவை இழக்கும் உயரம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். அந்த அதிர்ச்சி அங்கேயே வந்து போகட்டும்.

இறுதி அணுகலில் வலது கை த்ராட்டிலை விட்டு வரக் கூடாது. ஃபிளாப்பையோ ட்ரிம்மையோ தொடப் போனால் வேலையை முடித்துக்கொண்டு உடனே திரும்ப வேண்டும். யோக்குக்கு இடது கையின் மூன்று விரல்கள் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதுகூட அங்கே கூடாது என்பேன். என் மாணவர்கள் இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கோ அரவுண்டைத் தோல்வி என்று எண்ணுகிறவர்கள்தான் என்னை அதிகம் சோதிக்கிறவர்கள். "மேடம், ஒரே நாளில் மூன்று தடவை போய்விட்டேன், டவரில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று ஒரு மாணவர் கேட்டார். "ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இன்னொரு சுற்று என்று எழுதிக்கொள்வார்கள்" என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. நான்காவது தடவையும் போகச் சொன்னேன்.

கூடுதல் வேகம் என்னும் பாசாங்குப் பாதுகாப்பு

இனி துள்ளலுக்கு முந்திய நிமிடம். நான் அன்று 152இல் 60 நாட்டில் வர வேண்டிய இடத்தில் 70இல் வந்துகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லியிருப்பேன்: ஸ்டால் ஆகிவிடக் கூடாதே, கொஞ்சம் கையில் இருக்கட்டுமே. எல்லா மாணவர்களுக்கும் இந்தச் சேமிப்புப் பழக்கம் இருக்கிறது.

இறங்கும் விமானம் கரைக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 172இல் 65க்குப் பதில் 75 நாட்டில் வந்தால் கூடியிருப்பது பத்து நாட் மட்டுமே. ஆனால் கரைக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அது கரையும் வரை விமானம் தரையை ஒட்டி மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும். பொறுமை இழந்த மாணவர் விமானத்தை வலுக்கட்டாயமாகத் தரையில் அழுத்துவார். அப்போது எடை முழுவதும் மூக்குச் சக்கரத்தின் மேல் ஏறி, பிரதான சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் இருக்கும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது போல. ஒன்று துள்ளும், இல்லையென்றால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

தனியாகப் பறக்கும்போது இது இன்னும் மோசம். 152இன் அதிகபட்ச எடை 757 கிலோ. பயிற்றுநர் 80 கிலோ என்றால், அவர் இறங்கிவிட்டதும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. விமானம் சுறுசுறுப்பாக ஏறும். இறங்கும்போது தரைக்கு வர மனமில்லாதது போல மிதக்கும். "நேற்று வரை நன்றாகத்தானே இறங்கியது?" என்று முதல் சோலோவில் திகைப்பவர்களுக்குக் காரணம் இதுதான். இதைச் சோலோவுக்கு முன்பே உங்கள் பயிற்றுநர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

ஆகவே ஒரு கெடு வையுங்கள். தரையிலிருந்து 500 அடி உயரத்தில்: வேகம் கையேட்டு எண்ணிலிருந்து ஐந்து நாட்டுக்குள், ஃபிளாப் முடிந்தது, மூக்கு நடுக்கோட்டின் நீட்சியில், பக்கத்தில் இறங்கும் சரிவு சரியா என்று காட்டும் பாப்பி விளக்குகள் இருந்தால் இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு. இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் சரிசெய்து பார்க்க அது நேரமில்லை, கோ அரவுண்ட். இரண்டாவது கெடு ஓடுபாதையிலேயே இருக்கிறது: முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் படவில்லையா, கோ அரவுண்ட்.

மூக்கைத் தூக்கும் உயரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணை ஓடுபாதையின் மறுமுனைக்கு அனுப்புங்கள். மூக்குக்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தால் தரை வேகமாக ஓடுவதாகத் தோன்றி முன்னதாகவே இழுத்துவிடுவீர்கள். இன்னொரு ஏமாற்றும் உண்டு: பழகியதைவிடக் குறுகலான ஓடுபாதை, நீங்கள் உயரத்தில் இருப்பதாகக் காட்டும், அதனால் தாழ்வாக வந்து தாமதமாக இழுப்பீர்கள். அகலமான ஓடுபாதையில் இதற்கு நேர்மாறு.

கால்கள்

கைகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். ஓடுபாதையின் பக்கவாட்டில் புல்லுக்குள் போய் நிற்கும் விமானங்களுக்குக் காரணம் கால்கள்.

முதலில், குதிகால் தரையில் இருக்கட்டும். மிதியின் மேல்பகுதி பிரேக், கீழ்ப்பகுதி ரடர். பாதத்தை முழுவதுமாக மிதியில் ஏற்றி வைத்தால், திசையைத் திருத்துவதாக எண்ணி ஒரு பக்கப் பிரேக்கைப் பிடித்துவிடுவீர்கள். டயமண்ட் டிஏ40, சிரஸ் எஸ்ஆர்20 போன்றவற்றில் மூக்குச் சக்கரம் கட்டில்லாமல் சுழல்வது. மெதுவாகப் போகும்போது பிரேக்கால்தான் திருப்ப வேண்டும், வேகத்தில் ரடரால். செஸ்னாவிலிருந்து அவற்றுக்கு மாறுகிறவர்கள் முதல் பத்து மணி நேரம் கால்களை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

இப்போது பக்கக் காற்று. கிளம்பும் முன் கணக்குப் போடுங்கள், தோராயமாகவே போதும். ஓடுபாதைக்கு 30 பாகையில் காற்று வந்தால் அதன் வேகத்தில் பாதி பக்கவாட்டில் தள்ளும். 45 பாகையில் பத்தில் ஏழு பங்கு. 60ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட முழுவதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 நாட் காற்று 30 பாகையில் என்றால் 10 நாட் பக்கக் காற்று. கையேட்டில் 152க்கு 12 நாட், 172க்கு 15 நாட் என்று போட்டிருப்பார்கள். அது தேர்ந்த சோதனை விமானி இறக்கிக் காட்டிய எண். மாணவருடைய எல்லை அதுவாகாது. அதைப் பயிற்றுநர் எழுதித் தர வேண்டும், காற்று மாறினால் அதை மீறிப் பறக்கலாமா என்ற கேள்வியே எழக் கூடாது.

இறங்கும்போது காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்துங்கள், எதிர்ப்பக்க ரடரால் மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக வையுங்கள். இறக்கை, பக்கவாட்டு நகர்வைப் பார்த்துக்கொள்கிறது. ரடர், மூக்கின் திசையைப் பார்த்துக்கொள்கிறது. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கும்போதுதான் குழப்பம். காற்று வரும் பக்கத்துச் சக்கரம் முதலில் படும், பிறகு மற்றது, பிறகு மூக்கு. ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவது அசிங்கம் என்று கடைசி நொடியில் இறக்கையைச் சமன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நொடியிலேயே விமானம் பக்கவாட்டில் நகரத் தொடங்கும், டயர்கள் கதறும்.

சக்கரம் பட்டவுடன் "அப்பாடா" என்று யோக்கை நடுவில் விட்டுவிடுவது இன்னும் பெரிய தவறு. வேகம் குறையக் குறைய, இறக்கையைச் சாய்க்கும் தகடான ஐலரானின் பலம் குறைகிறது, ஆகவே காற்று வரும் பக்கம் யோக்கை இன்னும் இன்னும் திருப்ப வேண்டும். நடக்கும் வேகத்துக்கு வரும்போது அது முழுவதும் திரும்பியிருக்க வேண்டும். வால் சக்கர விமானமென்றால் இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அங்கே ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், வால் ஒரு தடவை முந்தத் தொடங்கினால் சுழன்று முடித்துத்தான் நிற்கும்.

ஓடுபாதை தீர்ந்து வெளியே ஓடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காரணங்கள் எல்லாம் கணக்கில் அடங்குபவை. செஸ்னா கையேடுகளின்படி எதிர்க்காற்று ஒன்பது நாட்டுக்கு இறங்கும் தூரத்தைப் பத்து சதவீதம் குறைக்கும். பின்காற்று இரண்டே நாட்டுக்குப் பத்து சதவீதம் கூட்டிவிடும். அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நனைந்த ஓடுபாதையில் டயர் நீரின் மேல் வழுக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு: டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 36 பவுண்டு அழுத்தமென்றால் 54 நாட். நீங்கள் தரையைத் தொடும் வேகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். இறங்கி ஓடும்போது ஃபிளாப், விளக்கு என்று எதையும் தேடாதீர்கள். ஓடுபாதையை விட்டு வெளியேறி, நின்று, பிறகு செய்யலாம். பின்னாளில் சக்கரங்களை மடக்கும் விமானத்தில் ஏறுவீர்கள். ஃபிளாப் என்று நினைத்துச் சக்கர நெம்புகோலைத் தூக்கியவர்கள் பலர். பழக்கம் இப்போதே சரியாக இருக்கட்டும்.

கிளம்பும்போது

பின்னோக்கி வந்துகொண்டே புறப்பாட்டுக்கு வந்துவிட்டோம். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் புரொப்பெல்லர் உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் சுழல்காற்று வாலின் இடப்பக்கத்தைத் தாக்குவதும் வேறு சில காரணங்களும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் இழுக்கும். மருந்து ஒன்றே: வலது கால், இழுக்கிற அளவுக்கு. த்ராட்டிலை அடித்துத் தள்ளாமல் மூன்று விநாடி எடுத்துத் தள்ளினால் கால் ஈடுகொடுக்கும். யோக்கைத் திருப்பித் தரையில் விமானத்தை ஓட்டப் பார்ப்பது கார் ஓட்டிப் பழகியவர்களின் வழக்கம். அதை மறக்க ஒரு மாதமாகும்.

கைவிடும் முடிவையும் ஓடத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். பலரும் பின்பற்றும் எளிய அளவு: ஓடுபாதையின் பாதி தூரத்துக்குள், மூக்கைத் தூக்க வேண்டிய வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 172இல் 55 நாட்டில் தூக்குவீர்களென்றால், பாதியில் 38, 39 நாட்டாவது தெரிய வேண்டும். இல்லையென்றால் த்ராட்டில் பின்னே, பிரேக், அவ்வளவுதான்.

கதவு திறந்துகொள்வதும் நடக்கும். பெரிய சத்தம், காற்று, பயம். விமானம் மட்டும் வழக்கம் போலப் பறக்கும். ஓடுபாதை மிச்சம் இருந்தால் நிறுத்துங்கள், எழுந்துவிட்டால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து வழக்கம் போல இறங்குங்கள். பறந்துகொண்டே கதவைச் சாத்தக் குனிகிறவரின் கை எங்கே இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் இருக்கை இருக்கிறது. சிரிக்காதீர்கள். செஸ்னாக்களில் விமானியின் இருக்கை தண்டவாளம் போன்ற இரு தடங்களில் நகரும். ஓர் ஊசி அதைப் பூட்டும். ஊசி சரியாகப் பொருந்தாமல், வேகம் பிடிக்கும்போது இருக்கை பின்னால் வழுக்கினால், மாணவர் பிடித்திருக்கும் ஒரே பொருளைப் பற்றிக்கொண்டு பின்னால் போவார். அது யோக். மூக்கு வானத்தை நோக்கி எழும்பும், கால்கள் மிதிக்கு எட்டாது. இப்படி விபத்துகள் நடந்ததால்தான் 1987இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தத் தடங்களையும் பூட்டு ஊசிகளையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் பரிசோதிப்பதைக் கட்டாயமாக்கியது. உட்கார்ந்ததும் இடுப்பால் முன்னும் பின்னும் உந்திப் பாருங்கள். க்ளிக் என்ற சத்தத்தை நம்பாதீர்கள். அப்படியே யோக்கில் பூட்டு கழற்றாமல் விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, நான்கு மூலைகளுக்கும் முழுவதும் அசையுங்கள், வெளியே ஐலரான் எந்தப் பக்கம் எழுகிறது என்று கண்ணால் பார்த்தபடி.

ஓடுபாதையில் இன்னொருவர்

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747கள் மோதி 583 பேர் இறந்ததை எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக் ஆஃப்' என்ற சொல்லை ரேடியோவில் பயன்படுத்த வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. ஆனால் நம் அளவு விமானங்களுக்கு நெருக்கமான பாடம் வேறு ஒன்று. 1996 நவம்பர் 19 அன்று, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குவின்சி என்ற டவர் இல்லாத விமான நிலையம். பீச் 1900 பயணிகள் விமானம் ஒன்று இறங்குகிறது. குறுக்கே போகும் ஓடுபாதையில் கிங் ஏர் என்ற இரட்டை எஞ்சின் விமானம் புறப்பட நிற்கிறது, அதன் பின்னால் செரோக்கி என்ற சிறிய விமானம். "நிற்பீர்களா?" என்ற பொருளில் இறங்குகிறவர்கள் கேட்ட கேள்வி கிங் ஏருக்கு. பதில் வந்தது செரோக்கியிடமிருந்து. கிங் ஏர்தான் பதில் சொல்லியதாக நினைத்துக்கொண்டு அவர்கள் இறங்கினார்கள். கிங் ஏர் ஓடத் தொடங்கியது. இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

இதை நான் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் செரோக்கி விமானியைத் திட்டுவார்கள். நான் அவர்களிடம் கேட்பது: உங்களைப் பெயர் சொல்லிக் கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னதே இல்லையா? ஆகவே ரேடியோவில் உங்கள் அழைப்புக் குறி இல்லாமல் வாய் திறக்காதீர்கள். எந்த விமானம், எந்த ஓடுபாதை என்று இரண்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கட்டும். 'நில்' என்று டவர் சொன்னால், ஓடுபாதை எண்ணோடு சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். உள்ளே நுழையும் முன், டவர் அனுமதி கொடுத்திருந்தாலும், விமானத்தைச் சற்றுத் திருப்பி இறங்குபாதையை உங்கள் கண்ணால் பாருங்கள். இரண்டு பக்கமும். பிறகு, மூக்கு காட்டும் காந்தத் திசையின் பாகையைப் பத்தால் வகுத்தால் ஓடுபாதையில் எழுதியிருக்கும் எண் வருகிறதா என்றும் பாருங்கள். தவறான ஓடுபாதையில் நிற்கிறீர்களென்றால் அதைக் கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி இல்லை.

நடந்துவிட்டால்

விமானம் நின்றதும்: எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் குமிழை வெளியே இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள், எரிபொருள் வால்வை மூடுங்கள், சாவியையும் மாஸ்டர் சுவிட்சையும் அணையுங்கள், இறங்கிப் பின்பக்கமாக விலகிப் போங்கள். நான் அன்று மாஸ்டரை அணைக்க மறந்துவிட்டேன். ரேடியோ யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தது. புகைப்படம் எடுக்கத் திரும்பப் போகாதீர்கள். விமானத்தை நகர்த்த உதவாதீர்கள், அதை விசாரிக்க வருகிறவர்கள் முடிவு செய்வார்கள். அன்றைக்கே, மற்றவர்களோடு பேசிப் பேசி நினைவு மாறும் முன், தனியாக உட்கார்ந்து எழுதுங்கள்: வேகம், காற்று, என்ன பார்த்தீர்கள், கைகால்கள் எங்கே இருந்தன. உலகம் முழுவதும் விபத்து விசாரணைக்கு வழிகாட்டும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 13ஆம் இணைப்பு, அதன் ஒரே நோக்கம் விபத்தைத் தடுப்பதுதான், பழி சுமத்துவது இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே உள்ளதைச் சொல்லலாம்.

உடையாத விமானத்தையும் சொல்ல வேண்டும். கடினமாக இறங்கினீர்களா, "ஒன்றும் ஆகவில்லையே" என்று சாவியை மாட்டிவிட்டுப் போகாதீர்கள். புரொப்பெல்லர் ஓடிக்கொண்டிருக்கும்போது தரையைத் தொட்டிருந்தால், அது நிமிர்ந்தே இருந்தாலும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் விரிசல் இருக்கலாம். அடுத்து அதே விமானத்தில் ஏறப்போவது உங்கள் வகுப்புத் தோழராக இருக்கும்.

என் விஷயத்தில் எட்டு நாட்கள் கழித்து மறுபடி பறந்தேன், வேறு ஒரு 152இல், பயிற்றுநரோடு. இனி எப்படி இறங்க வேண்டும் என்று சொல்லித்தருவார் என்று எதிர்பார்த்தேன். முதல் சுற்றில் ஓடுபாதைக்கு மேல் மூக்கைத் தூக்கப் போனபோது, "கிளம்பு" என்றார். இரண்டாவதிலும் அதையே சொன்னார். மூன்றாவதில் அவர் வாயைத் திறக்கும் முன்பே என் வலது கை நகர்ந்துவிட்டது. ஏழு சுற்றுகள் அப்படிப் போயின. எட்டாவதில் எரிபொருள் மானியைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இதில் வேண்டுமானால் இறங்கிக்கொள்" என்றார்.